ஆலந்தாங்கல் நகரின் மீன் மட்டம்

கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், வங்கக் கடலில் எங்கோ உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, சிபாரிசு உள்ள குமாஸ்தாவைப் போல மளமளவென்று பதவி உயர்வு பெற்று, தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, ஏதோ ஒரு தேசம் வைத்த பூவின் பெயரோடு புயலாகிக்கொண்டிருந்த வேளையில், ஆலந்தாங்கல் நகரின் காய்ந்த தெருக்களில், பொட்டுத் தண்ணீர் இல்லாத வெயிலில், மீன்கள் நீந்தி வந்தன. மதகு பஸ் ஸ்டாப் வழியாக வந்தன. அந்த ஸ்டாப்பில் மதகு கிடையாது. முப்பது வருடங்களுக்கு முன் அங்கே ஓர் ஏரியும் அதற்கொரு மதகும் இருந்தன. பிறகு ஏரியை மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். மதகை மட்டும் யாரும் கேட்காததால் அது பஸ் ஸ்டாப்பின் பெயராகத் தங்கிவிட்டது. மீன்களுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபியும் விராலும் வாலை ஆட்டிக்கொண்டு, பாட்டன் வீட்டுக்குப் போகிற உரிமையோடு, தெருத்தெருவாகப் பிரிந்து போயின.

ஊருக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆறு வருடங்களுக்கு முன்பும் இதேபோல் வந்து, முழங்கால் உயரத்தில் மூன்று நாள் நீந்தின. நான்காம் நாள் வெள்ளம் வந்து, அளந்து வைத்த மாதிரி அதே முழங்கால் உயரத்தில் நின்றது. ஆகவே, மீன் எந்த உயரத்தில் நீந்துகிறதோ தண்ணீர் அந்த உயரத்துக்கு வரும் என்பது ஆலந்தாங்கல் நகரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வைத்து அவர்கள் வீட்டுக்கு டைல்ஸ் மாற்றினார்கள், காம்பவுண்டு சுவருக்குச் சந்தன நிறம் அடித்தார்கள், மீதி இருந்த வாய்க்காலையும் மூடி அதன்மேல் பிள்ளையார் கோயிலுக்கு மண்டபம் கட்டினார்கள். இந்த முறை மீன்கள் முதல் தெருவில் இடுப்பளவும் மூன்றாம் தெருவில் நெஞ்சளவும் நீந்தின. ஐந்தாம் தெருவில் கெண்டைக் கூட்டம் ஒன்று ஜன்னல் மேல்கட்டையை உரசிக்கொண்டு போனபோது மக்கள் அண்ணாந்து பார்த்து, "இந்த வாட்டி கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

பழகிப்போக ஒரு நாள் ஆனது. பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். பல வருடமாகப் போலீசால் முடியாததை ஒரு கெளுத்தி முள் முடித்துவைத்தது. பூனைகள் முதல் நாள் குதித்துப் பிடித்தன, இரண்டாம் நாள் பார்த்துப் பொறுக்கிப் பிடித்தன, மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் கேட்டன. சுத்த சைவக் குடியிருப்பு ஒன்று, வளாகத்துக்குள் மீன் நுழையத் தடை என்று தீர்மானம் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்தது. பாவம், அவர் வருகைப் பதிவேட்டில் 'ஜிலேபி, ஏழு, யாரைப் பார்க்க என்று சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்தார். மனைத் தரகர் ஒருவர் ஆறாம் தெரு மூலையில் 'மீன் வராத மனைகள், சில மட்டுமே' என்று தட்டி கட்டினார். தட்டியின் இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு குரவை மீன் நிதானமாக நீந்திப் போனது.

பிறகு ஊர் அவற்றைச் சாப்பிட ஆரம்பித்தது. வாசலுக்கு வந்து நிற்கிற மீனை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? கொசுவலையைக் கிழித்து இரண்டு கம்பில் கட்டினால் போதும்; மொட்டைமாடியில் நின்று துணி உலர்த்துகிற சாக்கில் வீசினால் சட்டி நிறைந்தது. மேலே நீந்துகிற மீன்தான் கொழுத்த மீன் என்பதால் முதலில் மேலே இருப்பவை போயின. நெஞ்சளவு இருந்த தெரு வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் இடுப்பளவானது. இடுப்பளவு இருந்த தெரு கணுக்காலுக்கு இறங்கியது. நலச்சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அளவு நாடாவோடு போட்டோக்கள் வந்தன: 'எங்கள் தெருவில் இரண்டடி குறைந்துள்ளது, ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.' கீழே கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கவுன்சிலர் கோதண்டபாணி ஆட்டோவில் மைக் கட்டி, போர்க்கால அடிப்படையில் வெள்ள அபாயம் எழுபது சதவீதம் குறைக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். மீதி முப்பது சதவீதத்தைப் பொரித்துச் சாப்பிட்டால் சுவையாக இருக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

குறையாத தெரு ஒன்று இருந்தது. நான்காம் தெருவில் அந்த வருடம் பதினெட்டு வீடுகளில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்கள். மாலை போட்ட வீட்டில் மீன் சட்டி அடுப்பேறாது. எனவே அங்கே மட்டும் மீன்கள் வந்த உயரத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. அங்கன்வாடி டீச்சர் தவமணியின் வீடு அந்தத் தெருவில்தான். அவள் கணவன் தயாளன் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன், கன்னிசாமி, செவ்வாய்க்கிழமைதான் இருமுடி கட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை வீட்டில் மீன் கிடையாது. அதனால் தவமணி மூன்று வேளையும் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு, பரண்மேல் இருக்கிற பித்தளை அண்டாவைச் சுற்றி வளைய வருகிற கெண்டைகளை அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். குழந்தைகளுக்கு உயரம் அளக்கிற பலகையை அங்கன்வாடியிலிருந்து கொண்டுவந்து சுவரில் சாய்த்தாள். பலகை நாலடியில் முடிந்துவிட்டது. இன்னொரு முறை அதன் தலைமேல் அதையே தூக்கி வைத்து அளந்தாள். அப்போதும் மீன் மேலே இருந்தது.

அடுத்த போர்ஷனில் அவளுடைய நாத்தனார் சுலோச்சனா இருந்தாள். கணவனை இழந்தவள், கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் தேய்ந்தவள். அவளும் தவமணியும் பேச்சை நிறுத்தி ஆறு வருடமாகிறது. வளைகாப்பு ஒன்றில் தவமணி எல்லோருக்கும் பன்னீர் தெளித்துவிட்டு சுலோச்சனாவைத் தாண்டிப் போய்விட்டாள். செம்பில் பன்னீர் தீர்ந்துபோனதுதான் காரணம் என்று தவமணி சொன்னதை அந்தம்மாள் இன்றுவரை நம்பவில்லை. சொல்ல வேண்டியதைத் தயாளன் மூலம் சொல்வாள். தயாளன் இல்லாத நாட்களில் துணி துவைக்கிற கல்லைப் பார்த்துச் சொல்வாள்.

"சில பேருக்கு மீனப் பாத்தா பயமாம்" என்றாள் அன்றைக்குக் கல்லிடம். "கூடத்துக்குப் போறாங்க எல்லாரும். அங்க படி இல்ல, பாத்ரூம் கிட்டக்க இருக்குது, மூணு வேளையும் சோறு. என்னை மாதிரி முட்டி போனவங்களுக்கு அதான் சரி."

சமுதாயக் கூடத்தைத்தான் முகாமாக அறிவித்திருந்தார்கள். ஏரியை விற்று முடித்தபோது விலை போகாமல் மிஞ்சிய ஒரே இடம், ஏரியின் ஆழமான நடுப்பள்ளம். அதைப் பெருந்தன்மையோடு பொதுமக்களுக்கு ஒதுக்கி, அதன்மேல் அந்தக் கூடத்தைக் கட்டியிருந்தார்கள். தவமணி வியாழக்கிழமை காலையில் முகாமுக்குச் சத்துமாவுப் பாக்கெட் இறக்கிவைக்கப் போனபோது உள்ளே பார்த்தாள். மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனுக்கும் மேலே, கூரையை ஒட்டி, கறுத்த கிழட்டு விரால் ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பதினோரு அடி இருக்கும். கதவின் உயரம் ஏழடி.

வெள்ளிக்கிழமை வட்டாட்சியர் பார்வையிட வருவதாக இருந்ததால், கோதண்டபாணி விடிந்ததுமே நாலு ஆட்களையும் நாலு கொசுவலைகளையும் அனுப்பிக் கூடத்தைச் சுத்தம் செய்தார். பினாயில் ஊற்றிக் கழுவி, கோலம் போட்டு, வாழைமரமும் கட்டியாயிற்று. பிடித்ததை என்ன செய்வது? மதியம் வந்தவர்களுக்கு இலை போட்டு, விரால் குழம்பு பரிமாறினார்கள். தவமணி சாப்பாடு முடியும்வரை வாசலில் நின்றாள்.

"சார், நேத்து வரைக்கும் இங்க ஃபேனுக்கு மேல ஒரு விரால் சுத்திக்கிட்டு இருந்துச்சு சார். நானே பாத்தேன்."

வட்டாட்சியர் மோசமான மனிதர் இல்லை. இரண்டு நாளாகத் தூங்கவில்லை, பன்னிரண்டு முகாம்களைப் பார்த்தாக வேண்டும், கையில் ஒரு படிவம் இருந்தது.

"இப்ப இருக்காம்மா?"

"இல்ல சார். புடிச்சிட்டாங்க. இப்ப சாப்ட்டீங்களே, அதுதான் சார்."

அவர் ஒரு நிமிடம் இலையைப் பார்த்தார். நடுமுள் மட்டும் கிடந்தது.

"படிவத்துல மீன் இருக்கான்னுதான்ம்மா கேட்டிருக்கு. இருந்துச்சான்னு கேக்கல."

"ஹைஸ்கூல் கரை மேல இருக்கு சார். மாடியில ஒத்த மீன் கிடையாது. அங்க கூட்டிட்டுப் போயிடலாமே."

"ஸ்கூல் லிஸ்ட்ல இல்லம்மா. அரையாண்டுப் பரீட்சை வருதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க." கையைக் கழுவிவிட்டு வந்து, 'மீன் மட்டம்: இல்லை. முகாம் பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழம்பு நன்றாக இருந்தது என்றும் சொன்னார். அது உண்மைதான்.

சனிக்கிழமை காலையில் மழை ஆரம்பித்தது. ஊருக்கு மேலே மேட்டில் உள்ள பெரிய ஏரி எந்நேரமும் நிரம்பலாம் என்று செய்தியில் சொல்லச் சொல்ல, மதியத்துக்குள் அறுபத்து மூன்று பேர் பாயும் தலையணையுமாகக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுலோச்சனாவை ஆட்டோ வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஏறும்போது அவள் துவைக்கிற கல்லைப் பார்த்து, "வீட்டைப் பாத்துக்கோ" என்றாள். மூன்று மணிக்குத் தவமணி வீட்டில் நிமிர்ந்து பார்த்தாள். கெண்டைகள் ஒன்றுகூட இல்லை. வேலை முடிந்தவர்கள் மாதிரி போய்விட்டிருந்தன. ஆறு வருடங்களுக்கு முன்பும் தண்ணீர் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் அவை இப்படித்தான் காணாமல் போயின. குடையைக்கூட எடுக்காமல் அவள் ஓடினாள்.

கூடத்தில் எல்லோரும் சௌகரியமாக இருந்தார்கள். தாயக்கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பெரிய அண்டாவில் தக்காளிச் சாதம் வெந்துகொண்டிருந்தது. தவமணி நடுவில் நின்று சொன்னாள்: தண்ணீர் வருகிறது, இந்தக் கூடம் முழுகும், கூரை வரைக்கும் முழுகும், கிளம்புங்கள். தாயம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"டீச்சர், இங்க ஒரு மீனாச்சும் காட்டு பாப்போம்."

"நீங்கதான் தின்னுட்டீங்களே."

"அதான் சொல்றேன். மீன் இல்ல, தண்ணியும் இல்ல. உக்காரு, சாதம் வெந்துடும்."

அவள் கெஞ்சினாள், கத்தினாள், ஒரு பாட்டியம்மாவின் பையைப் பிடுங்கி வெளியே வைத்தாள். அந்தம்மா அதைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள். சுலோச்சனா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த வீங்கிய முழங்கால்களைப் பார்த்ததும் தவமணிக்கு அழுகை வந்தது. ஆறு வருடம் பேசாத மனுஷிதான், வாயைத் திறந்தால் குத்தல்தான், ஆனாலும் தயாளன் திரும்பி வந்து அக்கா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் வெளியே வந்து மழையில் நின்று யோசித்தாள். இந்த ஊர் எதற்கு எழுந்து நிற்கும்? தீ என்றால் போட்டோ எடுக்கும். பாம்பு என்றால் சுற்றி நின்று பார்க்கும். வெள்ளம் என்றால் சாதம் வெந்துவிட்டதா என்று கேட்கும்.

பள்ளிக்கூட வளாகத்தில்தான் அங்கன்வாடி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்காக மாடிப்படிக் கேட்டின் சாவி ஒன்று அவளிடம் இருந்தது. கேட்டைத் திறந்துவிட்டு, குழந்தைகளின் எடை அட்டைகளில் புதிதாக இருந்த கட்டை எடுத்து, பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து அறுபத்து மூன்று வரை எழுதினாள். எல்லாவற்றிலும் அங்கன்வாடி மையத்தின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினாள். நாலேகாலுக்குத் திரும்பக் கூடத்து வாசலுக்கு வந்தாள். இந்த முறை கத்தவில்லை. யாரிடமோ ரகசியம் சொல்வது போலச் சொன்னாள்:

"ஸ்கூல் மாடியில டோக்கன் குடுக்கறாங்க. அறுபத்து மூணுதானாம்."

எதற்கு டோக்கன் என்று யாரும் கேட்கவில்லை. தாயக்கட்டை அந்தரத்தில் இருக்கும்போதே போட்டவர் எழுந்துவிட்டார். பாய்கள் சுருண்டன, பைகள் தோளேறின, நடக்க முடியாது என்று மருத்துவச் சான்றிதழ் வைத்திருந்த இரண்டு பேர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்கள். கரை மேட்டில் மழையில் வழுக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, வரிசையில் வா என்று வரிசையில் நிற்காதவர்களே மற்றவர்களைத் திட்டிக்கொண்டு, ஒரு திருவிழாக் கூட்டம் போலப் போனார்கள். சுலோச்சனா மட்டும் எழவில்லை.

"நாப்பத்து நாலு படியாம் அங்க" என்று தூணிடம் சொன்னாள். "எனக்கு எந்த டோக்கனும் வேணாம்."

தவமணியும் தூணைப் பார்த்தே சொன்னாள். "எதிர்வீட்டு மரகதக்கா முன்னாடியே போயிட்டாங்க. மொத டோக்கன் அவங்களுக்குத்தான் போல."

சுலோச்சனா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

நாற்பத்து நாலு படியையும் அவள் ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு, எல்லாம் கைப்பிடிக் கம்பியைப் பார்த்து. கம்பியின் குலம், அது வளர்ந்த லட்சணம், அதைப் பெற்றவர்கள் அதற்குப் பன்னீர் தெளிக்கக்கூடக் கற்றுக்கொடுக்காதது, எல்லாம் வந்தது. தவமணி பின்னால் இரண்டு கையாலும் அவளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். மேலே போனதும், மற்றவர்களுக்கெல்லாம் இரண்டிலிருந்து கொடுத்து முடித்து, கைக்குள் பொத்தி வைத்திருந்த ஒன்றாம் நம்பரை நாத்தனாரிடம் நீட்டினாள். சுலோச்சனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பு மரகதத்தின் கையில் இருந்த நாற்பத்தொன்றைப் பார்த்தாள். அவள் முகத்தில் முட்டிவலி தீர்ந்துபோயிருந்தது.

ஆறு மணி ஆகி ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வந்தது. மதகு பஸ் ஸ்டாப் வழியாகத்தான் வந்தது. மாடி ஜன்னல்களில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். சமுதாயக் கூடத்தின் வாழைமரம் போயிற்று, பிறகு கல்வெட்டு, அதில் திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், பிறகு கதவின் மேல்கட்டை, பிறகு ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு. தக்காளிச் சாத அண்டா மட்டும் படகு போல மிதந்து வெளியே வந்து சுற்றியது. அப்புறம் தாயம் ஆடியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"டீச்சர், டோக்கனுக்கு எப்ப குடுப்பாங்க?"

தண்ணீர் வடிந்து தவமணி கூடத்துக்குள் போனபோது, சேற்றுக் கோடு ஃபேனுக்கு மேலே, அந்தக் கிழட்டு விரால் வட்டம் போட்ட இடத்தில், நூல் பிடித்த மாதிரி ஓடியிருந்தது. அவள் ஈரத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் சாகவில்லை என்பதற்காகத்தான் அழுதாள்.

மறு மாதம் அவளுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அங்கீகரிக்கப்பட்ட முகாமிலிருந்து பொதுமக்களைப் பொய் சொல்லி வெளியேற்றியது, பள்ளி மாடியை அனுமதியின்றித் திறந்தது, அரசு எடை அட்டைகள் அறுபத்து மூன்றை வீணாக்கியது என்று மூன்று குற்றச்சாட்டுகள். டோக்கனுக்குப் பொருள் எதுவும் தரப்படவில்லை என்று ஊரார் கொடுத்த புகார் மனு இணைக்கப்பட்டிருந்தது. வெள்ளத்தின் காரணத்தை ஆராய ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. நான்காம் தெருவில் மாலை போட்ட பதினெட்டு வீடுகளில் மீன்கள் அகற்றப்படாமல் விடப்பட்டதே வெள்ளத்துக்குக் காரணம் என்று அது கண்டுபிடித்தது. வருங்காலத்தில் பருவமழைக்கு முன்பே எல்லா வீடுகளுக்கும் இலவசக் கொசுவலை வழங்கலாம் என்ற அதன் பரிந்துரையை அரசு உடனே ஏற்றது. தவமணி விளக்கம் எழுதிக் கொடுத்தாள். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

அடுத்த கார்த்திகையில் வேறொரு பூவின் பெயரில் வேறொரு புயல் கிளம்பியது, மதகு ஸ்டாப் வழியாக மீன்கள் வந்தன. கொசுவலைகள் தயாராக இருந்தன. மாலை போட்ட வீடுகளையும் விடவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்து பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் ஊரில் ஒரு மீன் இல்லை. வெள்ள அபாயம் முழுமையாக நீக்கப்பட்டதாகக் கோதண்டபாணி மைக்கில் சொன்னார். கழுவி வெள்ளையடித்த சமுதாயக் கூடம் மறுபடி முகாமானது.

மழை வலுத்த மதியத்தில் தவமணி கூடத்துக்கு ஓடினாள். என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே ஓடினாள். டோக்கன் இனி எடுபடாது. கூடம் திறந்து கிடந்தது. உள்ளே சமையல்காரர் மட்டும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். மாடிப்படிக் கேட்டின் பூட்டு உடைந்து தொங்கியது. படியில் கீழிருந்து மேல்வரை ஈரக் காலடிகள். மாடியில் அறுபத்து மூன்று பேரும் நம்பர் வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன வருட எடை அட்டை, லேமினேஷன் போட்டு. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தார்களாம். போன வருடப் பாக்கியை இந்த வருடமாவது சேர்த்துத் தருவார்கள் என்று ஊரில் பேச்சாம்.

வரிசையின் முதலில், ஜன்னலோரம், காலை நீட்டியபடி சுலோச்சனா இருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தவமணியை மேலும் கீழும் பார்த்தாள். சுற்றிலும் தூண் இருந்தது, கம்பி இருந்தது, சுவர் இருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை.

"உன் டோக்கன் எங்கடி?"

"எனக்கு எழுதலையே, அண்ணி."

சுலோச்சனா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, மடித்து வைத்த எடை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். பின்பக்கத்தில், பழக்கமில்லாத கை கோணல்மாணலாக 64 என்று எழுதியிருந்தது.

"இதுல ஸ்டாம்ப் இல்லையே, அண்ணி. செல்லாது."

"செல்லும்" என்றாள் சுலோச்சனா, பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு. "வந்து உக்காரு."